ராட்டினத்துக்குத் தோல் பெல்ட்

குஷி பார்க்கை மறுபடியும் தொறக்கப் போறாங்கன்னு கேட்டதும் ஊருல பசங்க எல்லாம் குதிச்சாங்க. எனக்கு மட்டும் எரிச்சல். ஏன்னா அத எங்கிட்ட மொதல்ல வந்து சொன்னவன் பக்கத்து வீட்டு ஞானசீலன். அவன் ஒரு சேதி சொல்ற விதமே எனக்குப் புடிக்காது. நல்ல சேதியக்கூட நம்மள ஜெயிச்சிட்ட மாதிரிதான் சொல்வான்.

"கௌசரக்கா, கவர்மெண்ட் ஆர்டர் வந்துடுச்சு. பார்க் எல்லாம் தொறக்கலாமாம். இனிமே யாரும் என்ன வெட்டியா ஒக்காந்திருக்கேன்னு சொல்ல முடியாது."

"யாருப்பா சொன்னா?"

"யாரு சொல்லல?" வீட்டுக்குள்ள பாத்துதான் அத சொன்னான். உள்ள அவன் பொண்டாட்டி கிரேஸி கருவாடு வறுத்துக்கிட்டு இருந்தா. கரண்டி சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாச்சு.

நானும் கிரேஸியும் ஆம்பூர்ல ஒரே ஷூ கம்பெனி. காலைல ஏழு மணிக்கு மாதனூர் ரோட்டுல கம்பெனி பஸ் வரும், ரெண்டு பேரும் ஒரே சீட்டு. எனக்கு செக்கிங் வேல. தச்சு வர்ற ஷூ மேல்தோல வெளிச்சத்துல காட்டி, ரெண்டு வெரல்ல மடக்கிப் பாத்து, சரியா இருந்தா பாஸ், இல்லன்னா ரிஜெக்ட். அவளுக்கு சாம்பிள் ரூம். வெளிநாட்டுக்காரனுக்கு ஆர்டருக்கு முன்னாடி அனுப்பற மொத ஜோடிய தைக்கற எடம் அது. எண்ணூறு பேர் வேல செய்யற கம்பெனில அங்க ஒக்கார்றது ஆறே பேரு. அதுல ஒருத்தி அவ. அந்த கர்வம் அவளுக்கு உண்டு, இருந்துட்டுப் போகட்டுமே. என்ன ஆபான்னுதான் கூப்பிடுவா. எங்க வீட்டுப் பசங்க அக்காவ ஆபான்னு கூப்பிடறதக் கேட்டுப் பழகிக்கிட்டா.

ஞானசீலன் ஜோலார்பேட்டைக்காரன். ரயில்வே குடும்பம். அவனுக்கு ரயில்வேல வேல கெடைக்கல. குஷி பார்க்குல செயின் ராட்டினம் ஓட்டறவன். நடுவுல ஒரு கம்பம், மேல கொடை மாதிரி ஒரு சட்டம், அதுலேர்ந்து செயின்ல தொங்கற இருபத்துநாலு நாற்காலி. மோட்டார் போட்டா கொடை மேல ஏறிக்கிட்டே சுத்தும். நாற்காலி எல்லாம் தென்ன மர ஒசரத்துல வெளிப்பக்கமா பறக்கும். ஏறினவங்கள கீழ விழாம புடிச்சு வெச்சிருக்கறது மடி மேல போடற ஒரே ஒரு பெல்ட்டு. அவ்ளோதான்.

கொரோனா வந்து பார்க்கை மூடினாங்க. நடுவுல நாலு மாசம் தொறந்தாங்க, மறுபடி மூடினாங்க. அந்த காலம் பூரா அந்த வீட்டுல சோறு பொங்கினது கிரேஸி சம்பளத்துல. அவன் தள்ளுவண்டில வெங்காயம் வித்துப் பாத்தான், மழைல அழுகிப் போச்சு. அப்புறம் படுத்தவன் படுத்தவன்தான். எங்க ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒத்தக்கல்லு சொவரு. அவங்க சண்ட எல்லாம் எனக்கு மனப்பாடம்.

"உன் சோறு தின்றேன்னு எத்தன வாட்டி சொல்லுவ?"

"ஒரு வாட்டியாச்சும் சொல்லியிருக்கேனா?"

"வாயால சொல்லணுமா? நீ தட்டு வெக்கற சத்தத்துலயே தெரியுது."

இதுக்கு மேல அவங்க பொண்ணு அக்சா பொஸ்தகத்த எடுத்துக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துடுவா. ஆறாவது படிக்குது. வாயத் தொறக்காது, எங்க வீட்டு டிவிய பாத்துக்கிட்டே இருக்கும்.

ஆர்டர் வந்த மறுநாள் பார்க்குக்கு போனவன் மொகத்த தொங்கப் போட்டுக்கிட்டு வந்தான். ஒன்றர வருஷ வெயில்லயும் மழைலயும் ராட்டினத்து நைலான் பெல்ட் எல்லாம் வெளுத்து, கையால இழுத்தா நூல் நூலா உதிருதாம். புதுசு குஜராத்துலேர்ந்து வரணும், ரெண்டு மாசம் ஆகுமாம். மொதலாளி சமீருல்லா சாயபு காத்திருக்க மாட்டேன்னுட்டாரு. அந்த ராட்டினம் இல்லாம அந்த பார்க்குல வேற இன்னா இருக்கு? ஒரு சிமெண்ட் டைனோசர், ஒரு தண்ணித் தொட்டி, நாலு முட்டிக்கிற காரு. அதப் பாக்கவா கூட்டம் வரும்?

"தோல் ஊர்ல ஒக்காந்துக்கிட்டு பெல்ட்டுக்கு குஜராத்துக்காரன் கால்ல விழணுமான்னு கேட்டாரு சாயபு. அவரு மச்சானுக்கு பேரணாம்பட்டுல தோல் பதம் போடற ஷாப் இருக்கு. எருமத்தோலு தர்றாராம். தைக்கத்தான் ஆளு வேணும்."

சொல்லிட்டு கிரேஸி மொகத்த பாத்தான். எத்தனையோ மாசத்துக்கப்புறம் அவன் அவகிட்ட ஒண்ணு கேக்கறான். அவளுக்கு பூரிப்பு. அத காட்டிக்காம, "தோலு எத்தன எம்.எம்?"ன்னா.

இதுல நானும் கூட்டு. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லல. எங்க ஊர்ல பொறந்த எவளும் சொல்லியிருக்க மாட்டா. நைலான்னா பிளாஸ்டிக்கு, தோல்னா தோலு. தோல் சோறு போட்டு வளந்த உடம்பு, தோல் தாங்காதுன்னு நம்புமா?

ரெண்டு ஞாயித்துக்கிழமை அவ சர்ச்சுக்கு போய்ட்டு வந்து, நேரா அமீர் பாஷாவோட ஜாப் ஒர்க் ஷெட்டுக்கு போனா. கனத்த தோல் தைக்கற மெஷின் அங்கதான் இருக்கு. நானும் போனேன். கடுக்காய்ல பதம் போட்ட நல்ல எருமத்தோலு, எண்ணெ வாசன. ஒரு பக்கமா நீட்டிப் பாத்து, இழுத்தா எந்தப் பக்கம் வளராதோ அந்தப் பக்கமாதான் வெட்டினா. ரெண்டு மடிப்பு, நடுவுல பசை, ஓரத்துக்கு சுத்தியல் தட்டு. மெழுகு நூலு. அங்குலத்துக்கு ஆறு தையல், ஒண்ணு ஜாஸ்தியும் இல்ல, கம்மியும் இல்ல. தோல்ல தையல் நெருங்கினா ஊசி ஓட்டையே தோல கிழிச்சுடும். தபால்தல ஓரம் கிழியற மாதிரி வந்துடும். அவளுக்கு அத யாரும் சொல்லித் தர வேணாம். தகர ஷீட்டுக்கு கீழ அனலா கொதிக்குது, வேர்வ தோல் மேல விழக்கூடாதுன்னு நெத்தில துணி கட்டிக்கிட்டா. ஒரு பெல்ட் முடிஞ்சதும் கொக்கில மாட்டி நாங்க ரெண்டு பேரும் சேந்து தொங்குவோம். ரெண்டு பேரும் சேந்தா ஒரு எருமையே தொங்கின மாதிரிதான். பெல்ட் ஒரு நூலு அசையல. நாங்க கொண்டு போன பீஃப் சுக்காவும் புளிச்சோறும் தின்னுட்டு ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அந்த வருஷத்துல அப்டி சிரிச்சது அன்னைக்குத்தான்.

ஞானசீலன் பெல்ட்ட எல்லாம் மாட்டி, நாற்காலிக்கு ஒரு மணல் மூட்ட வெச்சு கட்டி ஓட்டிப் பாத்தான். பிட்னெஸ் பாக்கற ஆளு வந்து பாத்து சர்டிபிகேட்டும் குடுத்துட்டுப் போனாரு. அது வரைக்கும் யார் மேலயும் குத்தம் இல்ல. அத நான் எங்க வேணா வந்து சொல்வேன்.

அப்புறம்தான் ஒத்திகை ஆரம்பிச்சாங்க. கொரோனாவுக்கு பயந்து எப்டி பத்தரமா நடத்தறதுன்னு ஒத்திகை. தரைல வட்டம் வரஞ்சாங்க. கேட்டுல காய்ச்சல் பாக்கற துப்பாக்கி. முதுகுல மருந்து டப்பா மாட்டின நாலு ஆளு, ஒவ்வொரு ரவுண்டு முடிஞ்சதும் நாற்காலி, பெல்ட்டு, கம்பி எல்லாத்து மேலயும் ப்ளீச்சிங் தண்ணி அடிக்கணும். சாயபு அத வீடியோ எடுத்து தெனம் வாட்ஸப்புல போட்டாரு. கூட்டமே இல்லாத பார்க்குல, சும்மா சுத்தற ராட்டினத்துக்கு, ஒரு நாளைக்கு பதினஞ்சு வாட்டி மருந்து. பன்னெண்டு நாளு. ஞானசீலன் சட்ட பூரா வெள்ள வெள்ளயா திட்டு விழுந்துச்சு. கிரேஸி அத தொவைக்கும்போது கூட எங்களுக்கு ஒண்ணும் தோணல. சட்டைய பாத்தோமே, பெல்ட்ட நெனச்சோமா?

தொறப்பு விழா ஞாயித்துக்கிழமை. அதுக்கு முந்தின வியாழக்கிழமை சாயங்காலம் அவன் ஒரு பெல்ட்ட கழட்டி எடுத்துக்கிட்டு வந்தான்.

"சின்னப் பசங்களுக்கு லூசா இருக்கு. இன்னும் ரெண்டு ஓட்ட போடணும். மாதிரிக்கு இதுல போட்டுக் குடு, மீதிய நான் அங்கயே போட்டுக்கறேன். மொத ரவுண்டு ஸ்டாஃபுங்க பசங்களத்தான் ஏத்தப் போறாரு சாயபு. போட்டோ எடுக்க ஆளு வருது. அக்சா மொத நாற்காலில."

அக்சா எங்க வீட்டு வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அது மொகத்துல அப்டி ஒரு வெளிச்சம்.

கிரேஸி பெல்ட்ட கைல வாங்கினா. மோந்து பாத்தா. அப்புறம் மெதுவா மடக்கினா. மேல்தோலு பொட்டுனு வெடிச்சுது, பழைய அப்பளம் மாதிரி. இன்னொரு எடத்துல மடக்கினா, அங்கயும் வெடிச்சுது. வாசல்ல இருக்கற குட்டச் சொவத்துக்கு மேல கைய நீட்டி பெல்ட்ட எங்கிட்ட குடுத்தா.

"பாருங்க ஆபா."

நான் ரெண்டு வெரல்ல மடக்கினேன். உள்ள எண்ணெ பசையே இல்ல. ஓரத்துல நகத்த வெச்சு சொரண்டினா தூள் வருது. தையல் அப்டியே இருக்கு, தோல்தான் செத்துப்போச்சு.

"இதுக்கு இன்னா ஊத்தினீங்க?"ன்னு அவன கேட்டேன்.

"மருந்து. ரூல்ஸ் அது. அடிக்காம தொறக்க முடியாது."

"தோலுக்கு ப்ளீச்சிங்கா?" கிரேஸி கத்தினா பாரு, எதிர் வீட்டு நாய் எழுந்துருச்சு. "தோலுக்கு எவனாச்சும் ப்ளீச்சிங் ஊத்துவானா? அறிவு இருக்கா உனக்கு?"

"நீதான தோலு தோலுன்னு குதிச்ச? அப்பவே சொல்லியிருக்கலாம்ல, தண்ணி படக்கூடாதுன்னு."

"தண்ணிக்கு ஒண்ணும் ஆவாது. நீ ஊத்தினது தண்ணியா? பன்னெண்டு நாளா உன் சட்ட வெளுத்துச்சே, பாக்கல நீ?"

"நீ தான் தொவச்ச. நீ பாத்தியா?"

 

"எல்லாத்தையும் கழட்டு"ன்னா கிரேஸி. "நாளைக்கே போய் சாயபுகிட்ட சொல்லு. நைலான் வர்ற வரைக்கும் அந்த ராட்டினம் ஓடக்கூடாது."

"மண்டைல மூள இருக்கா? ராட்டினம் ஓடலன்னா எனக்கு அங்க இன்னா வேல? ஒன்றர வருஷம் கழிச்சு ஒருத்தன் கூப்புட்டு வேல குடுக்கறான், நான் போய் 'சார், என் பொண்டாட்டி ஓட்ட வேணாம்னு சொல்றா'ன்னு சொல்லணுமா? இழுத்துப் பாரு, கிழியுதா? கிழியல இல்ல? ரெண்டு மாசம் தாங்கும்."

"தாங்காதுன்னா அது எப்ப தெரியும்? மேல போனப்புறம் தெரியும்."

"மொத நாற்காலில என் பொண்ணு ஒக்கார்றா. எனக்கு அக்கற இல்லாமயா?"

"அக்கற இருந்தா நீயே ஒக்காரு."

அவன் கைய ஓங்கிட்டான். நான் சொவத்துக்கு இந்தப் பக்கம் இருந்து, "ஏய் ஞானசீலா!"ன்னு ஒரே சத்தம். கைய எறக்கினான். பெல்ட்ட புடுங்கிக்கிட்டு, வண்டிய எடுத்துக்கிட்டு போய்ட்டான். அக்சா எங்கிட்ட வந்து, "அத்த, அப்ப நான் ஏற முடியாதா?"ன்னு கேட்டுச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அந்தப் புள்ளயப் போய் அதட்டிட்டேன்.

சனிக்கிழமை கம்பெனி அர நாளு. பஸ்ஸு எங்கள எறக்கிவிட்டதும் கிரேஸி வீட்டுப் பக்கம் திரும்பல. ஷேர் ஆட்டோவ நிறுத்தினா. எங்கன்னு நான் கேக்கல, நானும் ஏறிட்டேன். மொத நாள் மழ பேஞ்சு ரோட்டோரம் எல்லாம் சேறு, மேல வெயிலு. அன்னைக்கு நாலு மணிக்கு பர்மிஷன் குடுக்க ஆபீஸருங்க வர்றாங்கன்னு அக்சா சொல்லியிருந்துச்சு.

கேட்டுல துப்பாக்கிய நெத்தில வெச்சான். கைல சானிடைசர். நாலடி தள்ளி இன்னொருத்தன் மறுபடி சானிடைசர். மூணாவது ஆளு வந்தப்ப, "கை தோலு உரியணுமாடா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். எங்க பாத்தாலும் பேனரு. உங்கள் பாதுகாப்பே எங்கள் மகிழ்ச்சி. அந்த பேனர் மேலயும் ஒருத்தன் மருந்து அடிச்சிக்கிட்டு இருந்தான்.

ராட்டினத்துக்கு கீழ எல்லாரும் நின்னாங்க. சாயபு, சுகாதாரத் துறைலேர்ந்து வந்த ஒரு மேடம், ஃபைல் கட்ட தூக்கிக்கிட்டு ஒரு கிளார்க்கு. ஞானசீலன் யூனிபார்ம் போட்டு, மாஸ்க்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு தகடும் போட்டுக்கிட்டு நின்னான். எங்கள பாத்ததும் அவன் நின்ன நிலைல அப்டியே வெறச்சுப் போனான்.

"மேடம், ஒரு நிமிஷம்"ன்னு கிரேஸி நேரா போய்ட்டா. "இந்த பெல்ட்டு சரியில்ல. மருந்து பட்டு தோலு செத்துப் போச்சு. இதப் போட்டு பசங்கள ஏத்தக்கூடாது." கைய நீட்டி பக்கத்து நாற்காலி பெல்ட்ட மடக்கிக் காட்டினா. வெடிச்சுது.

சாயபு சிரிச்சாரு. "யாரும்மா நீ?"

"இத தச்சவ."

"ஓ, நம்ம ஞானசீலன் வீட்டம்மாவா." அந்த பெல்ட்ட புடிச்சு ஒடம்ப பூரா போட்டு ரெண்டு இழு இழுத்தாரு. நல்ல வாட்டசாட்டமான ஆளு. அது கிழியல. "பாத்தீங்களா மேடம்? என் மச்சான் தோலு. ஜெர்மனிக்கு போற தோலு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இதே தொழில். எனக்கு தோலு பத்தி பாடம் நடத்தறாங்க."

"இன்னைக்கு கிழியல சார். தெனம் இத்தன வாட்டி மருந்து அடிச்சா எத்தன நாளைக்கு?"

மேடம் கெட்டவங்க இல்ல. களைச்சுப் போயிருந்தாங்க. எத்தன ஆஸ்பத்திரிய, எத்தன பொணத்த பாத்தாங்களோ. "மருந்து அடிக்காம தொறக்க விட முடியாதும்மா. அது விதி. ராட்டினத்தோட பிட்னெஸ் வேற டிபார்ட்மென்ட், அவங்க குடுத்துட்டாங்க. எங்கிட்ட இருக்கற லிஸ்ட்டுல பெல்ட்டு இல்ல."

"லிஸ்ட்டுல இல்லன்னா விழுந்துட்டா விழலன்னு ஆயிடுமா?"ன்னு நான் கேட்டேன். எவளோ ஒரு புர்கா போட்டவ கத்தறாளேன்னு ஒருத்தன் செல்போன எடுத்து வீடியோ புடிக்க ஆரம்பிச்சான்.

சாயபுவுக்கு மூக்கு செவந்துடுச்சு. "மேடம் மருந்த நிறுத்த முடியாதுங்கறாங்க. தோலு என் தோலு, அதுல குத்தம் இல்ல. அப்ப மிச்சம் இருக்கறது இன்னா? தையலு. ஏம்பா ஞானசீலன், நீ சொல்லு. தையல்ல கோளாறா?"

அவன் எங்கள பாக்கல. தகட்டுக்கு உள்ள அவன் மூச்சு பட்டு பனி புடிச்சிருந்துச்சு.

"இருக்கலாம் சார். ஞாயித்துக்கிழமைல அவசர அவசரமா தச்சது. தையல்ல எதாச்சும் மிஸ்டேக் பண்ணியிருக்கலாம்."

அடப்பாவி. ரெண்டு ஞாயித்துக்கிழமை, நெத்தில துணி கட்டிக்கிட்டு, அங்குலத்துக்கு ஆறு. என் கால்ல செருப்பு இருந்துச்சு, அத கழட்டாம இருந்ததுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கிரேஸி அவன பாத்துக்கிட்டே நின்னா. நான் நெனச்சேன், இப்ப அறையப் போறாளோன்னு. அவ அறையல. அவ மொகத்துல ஏதோ ஒரு கணக்கு ஓடிச்சு. எனக்கும் அப்பத்தான் வெளங்கிச்சு. மருந்து தப்புன்னா மேடம் விட மாட்டாங்க. தோலு தப்புன்னா சாயபு விட மாட்டாரு. தையல் தப்புன்னா மட்டும் யாருக்கும் நஷ்டம் இல்ல. புருஷன் வேலையும் போகாது. இருபத்துநாலு பெல்ட்டும் கழட்டியாவணும்.

"ஆமா மேடம்"ன்னா கிரேஸி. "அவரு சொல்றதுதான் சரி. தையல் தப்பு. நான்தான் கெடுத்துட்டேன். எல்லா பெல்ட்டும் அப்டித்தான் இருக்கு. தச்ச நானே சொல்றேன், எழுதிக்கோங்க."

சாயபு விடல. "மேடம், இது புருஷன் பொண்டாட்டி சண்ட. ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடி மருந்துன்னா, இப்ப தையலுங்கறா. இதுக்கெல்லாம் ராட்டினத்த மூட முடியுமா? நாளைக்கு வி.ஐ.பி. எல்லாம் வர்றாங்க."

மேடம் எம்பக்கம் திரும்பினாங்க. "நீங்க யாரு?"

"ஷூ கம்பெனில செக்கிங் மேடம். பதினாறு வருஷமா."

"அப்ப நீங்க பாத்து சொல்லுங்க. தையல் சரியா, தப்பா?"

பெல்ட்ட கழட்டி எங்கிட்ட குடுத்தாங்க. கிரேஸி என்ன பாத்தா. சொல்லுங்க ஆபாங்கற பார்வ. அந்த வீடியோக்காரன் கிட்ட வந்தான்.

நான் பெல்ட்ட வெளிச்சத்துல காட்டினேன். வெரல்ல மடக்கினேன். வருஷக்கணக்கா தெனம் செய்யற வேல, கையே செஞ்சுது.

"ரிஜெக்ட்"ன்னேன். "தையல் நெருக்கம் ஜாஸ்தி. ஊசி ஓட்டைலேர்ந்தே தோலு வெட்டுப்படுது. நூல் டென்ஷனும் ஒரே மாதிரி இல்ல, எங்கயோ இறுக்கம், எங்கயோ தொளதொளன்னு. மேல் மடிப்பு ஒரு எம்.எம் வெலகி இருக்கு. இது கத்துக்கற பொண்ணு தச்ச மாதிரி இருக்கு மேடம். நான் இத பாஸ் பண்ண மாட்டேன்."

மேடம் எழுதினாங்க. புது பெல்ட்டு மாட்டற வரைக்கும் செயின் ராட்டினம் ஓட்டக்கூடாது. சாயபு கையெழுத்து போட்டாரு. ஞானசீலன் ராட்டினத்த சுத்தி கயிறு கட்டினான்.

வெளிய வந்தோம். பின்னாடியே ஓடி வந்தான். "கிரேஸி, நான் வேற இன்னா சொல்றது, அவரு எல்லார் முன்னாடியும் கேக்கறாரு..."

"வரும்போது பால் பாக்கெட் வாங்கிட்டு வா"ன்னா அவ. அவ்ளோதான். ஆட்டோ ஏறினோம். நான் அவ கைய புடிச்சேன். புடிக்க விட்டா, ஆனா அந்தக் கை என் கைய திருப்பிப் புடிக்கல. பாவம், மனசு சரியில்லன்னு நெனச்சுக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை பார்க் தொறந்துச்சு. நல்ல கூட்டமாம். அக்சாவ முட்டிக்கிற காருல ஏத்தி போட்டோ எடுத்தாங்களாம். ஞானசீலனுக்கு அந்த காரு ஓட்டற வேல, சாயபு முதுகுல தட்டிக் குடுத்தாராம், நேர்மையா சொன்னேன்னு. அத அவனே வந்து எங்கிட்ட சொன்னான். நான் கதவ சாத்தினேன்.

அந்த வீடியோ ராத்திரிக்குள்ள ஆம்பூர் பூரா சுத்தி வந்துடுச்சு. 'தையலைக் கெடுத்ததாகத் தானே ஒத்துக்கொண்ட பெண்'னு தலைப்பு. எந்தக் கம்பெனின்னு கீழ எவனோ எழுதியிருந்தான். திங்கக்கிழமை காலைல சூப்பர்வைசர் சர்தார் பாஷா கிரேஸிய சாம்பிள் ரூம் வாசல்லயே நிறுத்திட்டாரு. வெளிநாட்டுக்காரன் கண்ணுல பட்டுட்டா இன்னா பண்றது, பேச்சு அடங்கற வரைக்கும் பசை டேபிள்ல இருன்னாரு. பசை டேபிள்னா நேத்து சேந்த பொண்ணுங்க பிரஷ்ஷ வெச்சு பசை தடவற எடம். அவ பைய எடுத்துக்கிட்டு நேரா போய் ஒக்காந்துட்டா.

எனக்கு தாங்கல. சாப்பாட்டு நேரத்துல சர்தார் பாஷாகிட்ட போனேன்.

"சார், அந்த தையல்ல ஒரு தப்பும் இல்ல. நான் பொய் சொன்னேன். பசங்க விழுந்துடக் கூடாதுன்னு சொன்ன பொய்."

அவரு கண்ணாடிய கழட்டினாரு. "செக்கிங்ல இருக்கறவ பொய் சொல்லுவியா? அப்ப இத்தன வருஷமா நீ பாஸ் போட்டு அனுப்பினது எல்லாம் இன்னா கௌசர்? எழுதித் தர்றியா? எழுதிக் குடு, மேல அனுப்பறேன்."

எங்க வீட்டுல நாலு வயிறு. நான் எழுதித் தரல. 'சும்மா ஒரு பேச்சுக்கு சொன்னேன் சார்'னு சொல்லிட்டு, திரும்பி வந்து என் லைட்டுக்கு கீழ ஒக்காந்துக்கிட்டேன். அன்னைக்கு பூரா ஒரு ஷூவும் சரியா கண்ணுக்குத் தெரியல. இத கிரேஸிகிட்ட நான் சொல்லல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

மறுநாள் காலைல பஸ்ஸுல அவ எனக்கு முன் சீட்டுல, ஒரு சின்னப் பொண்ணுக்கு பக்கத்துல ஒக்காந்திருந்தா. நகத்துல எல்லாம் பசை காஞ்சு கெடந்துச்சு. நான் எழுந்து போய் கம்பிய புடிச்சுக்கிட்டு பக்கத்துல நின்னேன்.

"இன்னா கிரேஸி, சீட்டு மாத்திட்ட?"

"சும்மா."

"அந்த நாய் சொன்னதுக்கு எங்கிட்ட ஏன் மொகத்த தூக்கற?"

"அவன் சொன்னது எனக்கு ஒறைக்கல ஆபா. அவனுக்கு தையலப் பத்தி இன்னா தெரியும்? வேலைக்கு பயந்தான், சொன்னான்."

"அப்ப நான் இன்னா பண்ணேன்? நீதானே கண்ணக் காட்டின?"

"நான்தான் காட்டினேன். நான் கேட்ட பொய்தான், இல்லன்னு சொல்லல." அவ ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு இருந்தா. பஸ்ஸு கம்பெனி கேட்டுக்குள்ள திரும்பிச்சு, எல்லாரும் எழுந்துட்டாங்க. அவளும் பைய தோள்ல மாட்டிக்கிட்டு எழுந்தா. அப்பத்தான் என் மொகத்த நேரா பாத்தா.

"ரிஜெக்ட்னு ஒரு வார்த்த போதும் ஆபா. அவங்களுக்கு அது போதும். அதுக்கு மேல அவ்ளோ சொன்னீங்களே, அதெல்லாம் எங்கேர்ந்து வந்துச்சு? கொஞ்சம் திணறியிருக்கலாம் இல்ல நீங்க?"

பின்னாடி நின்ன பொண்ணுங்க தள்ளினாங்க. அவ எறங்கி பசை டேபிள் பக்கமா நடந்து போய்ட்டா.